ஃபெலேதியின் அம்மா கொண்டுவந்த சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் ஆனாசேனி கூடையோடு வந்துவிடுவாள். குழியடுப்பில் சுட்ட வள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பால் விட்டுச் சேம்பிலையில் மடித்து வேகவைத்த மாட்டிறைச்சி. என் தங்கை லாவினியாவின் புருஷன் லிசியாதே, அவள் முன்னாலேயே உட்கார்ந்து கடைசி வாய் வரை சாப்பிடுவான். அவள் தெருமுனை திரும்பியதும் வாழைமரத்தடிக்கு ஓடிப்போய் அத்தனையையும் வாந்தி எடுப்பான்.

ஆனாசேனியின் மகன் ஃபெலேதி இவனுடைய கூட்டாளி. மீன்பிடிக்கப் போன படகு கவிழ்ந்து இருவரும் ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்தார்கள். இவன் மட்டும் திரும்பி வந்தான். "கடைசி வரைக்கும் அவன் கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தேம்மா. பெரிய அலை புடுங்கிட்டுப் போயிடுச்சு. அவன் ஒண்ணும் பேசல" என்று அவளிடம் சொன்னான். அந்த வார்த்தைக்காகத்தான் வாராவாரம் அந்தக் கூடை வந்தது.

வருஷங்கள் போகப் போக ஆள் எலும்பும் தோலுமானான். தூக்கத்தில் வலது கையை இறுக்கி மூடுவான். உள்ளங்கையில் நகம் பதிந்து ரத்தம் வரும். லாவினியா அழுதுகொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். கடலில் போனவன் படத்தில் எங்கே தெரியப் போகிறான்! இந்த மழைக்காலத்தை இவன் தாண்டமாட்டான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஹாபாய்த் தீவுகளில் மனசுக்கு வைத்தியம் படித்த நர்ஸ் ஒரே ஒருத்திதான், கலோலைனே. அவளோ லிசியாதேயின் சித்தப்பா மகள். டோங்காக்காரர்களான எங்களுக்குச் சித்தப்பா மகளும் கூடப்பிறந்தவள்தான். தங்கை இருக்கும் அறையில் அண்ணன் உட்காரக் கூடாது. உடம்பு, படுக்கை என்று வாயைத் திறக்கவே கூடாது.

"அவகிட்டப் போய் வாந்தியப் பத்திப் பேசுறதுக்குச் செத்தே போயிடலாங்கா" என்றான்.

"இப்ப மட்டும் என்னடா பண்ணிக்கிட்டிருக்க?" என்று கத்தினேன்.

கலோலைனே கெட்டிக்காரி. ஜன்னலுக்கு வெளியே அவனுக்கு ஒரு நாற்காலி போட்டாள். அவன் தென்னைகளைப் பார்த்து உட்கார்ந்தான், அவள் உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. இங்க நர்ஸ் மட்டும்தான் இருக்கா" என்றாளாம்.

பின்னாளில் அவனே எனக்குச் சொன்னது இது. முதலில் மூச்சை நிதானமாக விடவும், பாதத்துக்குக் கீழே தரை இருப்பதை உணரவும்தான் பழக்கினாள். ஒருநாள் அவன் வாயிலிருந்து அது வந்தே விட்டது: அலை பிடுங்கவில்லை, நான்தான் விட்டுவிட்டேன்.

அவள் சமாதானமும் சொல்லவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. "அந்தக் கையைப் பத்திச் சொல்லு. விட்டப்போ விரல் இருக்கிறது தெரிஞ்சுதா?"

அவன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்ல. முழங்கைக்குக் கீழ எதுவுமே தெரியல. மரத்துப் போயிருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதான். அதற்கப்புறம் அதே ராத்திரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள், உடம்பு நடுங்காமல் சொல்ல வரும்வரை. தூக்கம் வந்தது. கையும் இறுகுவது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வாந்தி மட்டும் நிற்கவில்லை. பாக்கி என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த முறை கூடை வந்தபோது அவன் தொடவில்லை. "அம்மா, நான் சொன்னது பொய். அலை இல்ல. என் கைதான் விட்டுடுச்சு."

ஆனாசேனி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் வரவேயில்லை. லிசியாதேக்குச் சாப்பாடு வயிற்றில் தங்கியது. பசிக்கிறதே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கிழவியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்தாள். லாவினியா தட்டு வைத்தாள். ஆனாசேனி அதைப் பார்க்கவே இல்லை.

"அவன் ஒண்ணும் பேசலன்னு சொன்னியே, அதுவும் பொய்தானே?" என்று அவனைக் கேட்டாள். "என்ன பேசினான்?"

லிசியாதே தலையை நிமிர்த்தவில்லை. "குளிருதுன்னான் அம்மா. அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான்."

"தாங்கமாட்டான்" என்றாள் அவள். "சின்னப் புள்ளையிலேருந்தே அவன் குளிர் தாங்கமாட்டான்."