மச்சான் பேரில் ஒரு துப்பாக்கி

துப்பாக்கி வழக்குகளுக்கு வாதாடும் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், கலிஃபோர்னியா பே ஏரியா தமிழர்கள் முதலில் அரை அடி பின்னால் நகர்வார்கள், பிறகு கையில் இருக்கும் சமோசாவை முடித்துவிட்டு, "உங்க வக்கீலம்மா ஹெச்-ஒன் விசா ரினியூவலும் பாப்பாங்களா?" என்று கேட்பார்கள்.

பார்க்க மாட்டார். டயானா பார்ப்பது மத்திய அரசு போடும் துப்பாக்கி வழக்குகள் மட்டும்தான். நான் அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக உதவியாளர். ஃபைல் தயார் செய்வது, ஃபோன் எடுப்பது, அழுகிறவர்களிடம் டிஷ்யூ டப்பாவை நகர்த்துவது எல்லாம் என் இலாகா. எந்த ஆபீசிலாவது முன்மேஜையில் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்களுக்கு இது புரியும்: எதற்கும் காரணம் நாம் இல்லை, ஆனால் எல்லாரும் முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான்.

இந்தக் கதையில் வருகிறவர்கள் எழுதலாம் என்று சம்மதம் சொன்னவர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். முருகேசன் என்ற பெயரை மட்டும் அதற்குரியவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். சின்ன வயசிலிருந்தே அந்தப் பெயர் மேல் ஆசையாம்.

ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்

எங்களுக்கு வரும் ஃபோன்களில் பாதி, கூப்பிடுகிறவரின் ஃப்ரெண்டுக்காக வருபவை. அன்றைக்கும் அப்படித்தான். ஃப்ரெண்டு ஹெச்-ஒன் விசாவில் இருக்கிறாராம். அவருக்கு மனைவி, மூன்று வயசுப் பெண் குழந்தை. வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்ததாம், இப்போது இல்லையாம், ஆனால் அதற்காகக் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்திருக்கிறதாம். பின்னாலிருந்து ஒரு குழந்தை "அப்பா, அப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவமானப்படுத்த வேண்டாமே என்று, "உங்க ஃப்ரெண்டை நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

"சரிங்க மேடம். நானும் அவனும் ஒரே கார்லதான் வருவோம்."

பதினாலாவது வரி

வந்தவர் சிவகுமார். தென்காசிக்காரர், சான்டா கிளாராவில் மென்பொருள் வேலை. கூடவே மனைவி கவிதா. அவர்கள் குடியிருப்பில் இந்தியர் வீடுகளாகப் பார்த்து நகைக்காகப் புகுந்து திருடியிருக்கிறார்கள். பகலில் கவிதாவும் குழந்தையும் தனியாக இருக்கிறார்களே என்று சிவாவுக்குப் பயம். ஹெச்-ஒன் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் கூடாது. இதில் முதல் பாதி சிவாவுக்குத் தெரியும். இரண்டாம் பாதி தெரியாது.

ஆகவே அவர் நம்மவர்கள் செய்வதைச் செய்தார். சித்தப்பா பேரில் சிம் கார்டு, அண்ணன் பேரில் கேஸ் கனெக்‌ஷன் என்று வளர்ந்தவர்கள்தானே நாம்? மில்பிடாஸில் இருக்கும் கவிதாவின் அண்ணன் முருகேசனுக்குக் கிரீன் கார்டு உண்டு. அவர் தன் பேரில் வாங்கி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். 'இதை உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா?' என்று கடையில் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி. அதற்கு ஆமாம் என்று எழுதியது அவர் குற்றம், வாங்கி வைத்துக்கொண்டது இவர் குற்றம். தீர்ப்பில் குற்றவாளி என்று வந்துவிட்டால் சிறை. அது முடிந்ததும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் விமானம். முருகேசனின் கிரீன் கார்டும் அதோடு போகும்.

அரசாங்கத்துக்கு எப்படித் தெரிந்தது என்று டயானா கேட்டார். ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தபோது இவர்கள் வீட்டிலேயே திருடன் புகுந்துவிட்டான். திருட்டுப்போன பொருள்களுக்கு சிவா போலீசுக்கு எக்செல் ஷீட்டில் பட்டியல் கொடுத்திருக்கிறார். வரிசை எண், பொருள், வாங்கியவர், உபயோகிப்பவர் என்று தனித்தனிக் கட்டங்கள். பதினாலாவது வரியில் 'கைத்துப்பாக்கி. வாங்கியவர்: மச்சான். உபயோகிப்பவர்: நான்.' டயானா கண்ணை மூடிக்கொண்டார். "இதையும் ஏங்க எழுதினீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆஃபீசர் எதையும் விட்டுடாதீங்கன்னு சொன்னாரு மேடம்."

ஷூவைக் கழற்றிய அதிகாரிகள்

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பட்டியலைப் பார்த்துவிட்டு இரண்டு மத்திய அதிகாரிகள் வீட்டுக்கு வந்தபோது, கவிதா அவர்களை ஷூவைக் கழற்றச் சொல்லி, சோபாவில் உட்காரவைத்து, ஃபில்டர் காபியும் முறுக்கும் கொடுத்திருக்கிறாள். சிவா ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறார். முருகேசனின் ஃபோன் நம்பரையும் இவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியிருக்கலாமே அம்மா என்றேன்.

"வீடு தேடி வந்தவங்கள வாசல்லயே நிக்க வச்சா நல்லாவா இருக்கும், அக்கா?"

ஞாயிற்றுக்கிழமை

முதல் நாள் கோர்ட்டில் சிவாவையும் முருகேசனையும் ஜாமீனில் விட்டார்கள். பாஸ்போர்ட்டுகளைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். அத்துடன் இன்னொரு நிபந்தனை: குற்றம் சாட்டப்பட்ட இருவரும் வக்கீல் முன்னிலையில் தவிர வேறெங்கும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. சாட்சியைக் கலைக்காமல் இருக்க வழக்கமாகப் போடுவதுதான்.

ஏழு வருஷமாக முருகேசனுக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு தங்கை வீட்டில். இன்னும் கல்யாணம் ஆகாதவர், சமைக்கத் தெரியாதவர். நீதிபதி நிபந்தனையை வாசித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். சிவா தலையாட்டினார். முருகேசன் கையைத் தூக்கினார்.

"சண்டே லஞ்சுக்கும் சேர்த்தா, யுவர் ஆனர்?"

மிக்ஸிக்குப் பக்கத்தில்

பட்டியலோடு ஆதாரத்துக்காக சிவா ஒரு படமும் கொடுத்திருந்தார். துப்பாக்கி இருந்த ஒரே படம் அதுதானாம். ஆயுத பூஜையன்று எடுத்தது. மேஜை மேல் லேப்டாப், கார் சாவி, மிக்ஸி, குழந்தை மிதுவின் மூன்று சக்கர சைக்கிள், நடுவில் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ.

அரசு வக்கீல் சின்ன வயசுக்காரர். நாங்கள் சிவாவோடு அவர் ஆபீசுக்குப் போனபோது, படத்தைப் பெரிதாக்கி மேஜையில் பரப்பி, அந்தச் சிவப்புப் பொட்டு ரத்தமா, இது ஏதாவது சபதமா என்று கேட்டார். நான் ஆயுத பூஜையை விளக்கினேன். பிழைப்புக்கும் வீட்டுக்கும் உதவுகிற எல்லாவற்றுக்கும் வருஷத்தில் ஒரு நாள் மரியாதை, மிக்ஸிக்கும் சைக்கிளுக்கும் அதே பொட்டுதான், பாருங்கள் என்று காட்டினேன். அவர் மிக்ஸியை நெடுநேரம் பார்த்தார். பிறகு, வீட்டில் எத்தனை குண்டுகள் இருந்தன என்று சிவாவைக் கேட்டார்.

சிவா டயானாவைப் பார்த்தார். சொல்லலாம் என்று டயானா தலையசைத்தார். இத்தனை நேரம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த சிவா, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"குண்டே வாங்கல மேடம். சின்னப் பிள்ள இருக்கிற வீட்டுல குண்ட எப்படி வைக்கிறது?"

ஒரே ஒரு விதிவிலக்கு

டயானா ஒரு நாள் காலை சட்டப் புத்தகத்தோடு என் மேஜைக்கு ஓடிவந்தார். சிவாவைப் போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்க ஒரு விதிவிலக்கு இருக்கிறது: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் போதும். எப்போதாவது, ஆபீஸ் நண்பர்களோடு சும்மா விளையாட்டுக்காவது, சிவா அப்படி ஒன்று எடுத்திருப்பாரா? எடுத்திருந்தால் பாதி வழக்கு இன்றே முடிந்தது. உடனே ஃபோன் போட்டேன். டயானா என் பக்கத்தில் விரலைக் கோத்துக்கொண்டு நின்றார். மான் வேட்டை, வாத்து வேட்டை எதுவானாலும் பரவாயில்லை என்றேன். சிவா பதறிப்போனார்.

"என்ன மேடம் கேக்கீங்க, நாங்க சைவம். முட்ட போட்ட கேக்கே வீட்டுக்குள்ள வராது!"

முருகேசனிடம் கேட்ட கேள்வி

முருகேசனுக்குத் தனி வக்கீல். ஒரு நாள் அந்த வக்கீலும் டயானாவும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முருகேசனும் இருந்தார், சிவாவை அழைக்கவில்லை. அரசுத் தரப்பிலிருந்து ஒரு தூது வந்திருந்தது. மாப்பிள்ளை தனக்குக் கிரீன் கார்டு இருப்பதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று முருகேசன் சாட்சி சொன்னால், முருகேசன் மேல் உள்ள வழக்கை விட்டுவிடுவார்கள். முருகேசன் தப்பிக்கலாம், சிவா தப்பிக்க முடியாது. அவர் வக்கீல் தன் கடமையைச் செய்தார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இது உங்கள் வாழ்க்கை என்றார்.

எனக்கு முருகேசனைப் பார்க்கப் பயமாக இருந்தது. மனுஷன் சம்மதித்தால் அவரைக் குறை சொல்ல எனக்கென்ன உரிமை? அவரும் இருபது வருஷம் காத்திருந்து வாங்கிய கார்டுதான் அது. இதற்கு மட்டும் தமிழில் பதில் சொல்கிறேன் என்றார். யோசிக்க அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அவர் அப்படிச் சொல்லவே இல்லீங்க. பொய்யச் சொல்லி அவர மாட்டிவிட்டுட்டு, என் தங்கச்சி வீட்டுல நான் எப்படிங்க கை நனைப்பேன்?"

நடுவில் ஒரு வக்கீல்

மிதுவுக்கு அந்த வருஷம் ஊரில் குலதெய்வம் கோயிலில் காது குத்துவதாக இருந்தது. பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது. சரி, இங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாய்மாமன் மடி வேண்டுமே? அந்த மாமன், குழந்தையின் அப்பாவோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் ஜாமீன் போய்விடும். கவிதா ஆபீசுக்கு வந்து எனக்குப் பத்திரிகை வைத்தாள். அழவில்லை. அண்ணன் வரும்போது சிவா வெளியே பார்க்கிங்கில் காரில் இருந்துகொள்வார் என்றாள். பெற்ற அப்பன் காரில்! எனக்கு வந்த கோபத்தில் அப்படியே டயானாவிடம் போய்ச் சொன்னேன்.

டயானா கோர்ட் உத்தரவை எடுத்து இரண்டு முறை படித்தார். 'வக்கீல் முன்னிலையில் தவிர' என்ற இடத்தில் விரலை வைத்தார். பிறகு டைரியைத் திறந்து, எந்தச் சனிக்கிழமை என்று கேட்டார். முருகேசனின் வக்கீலையும் ஃபோனில் பிடித்து வரச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை என் மாம்பழக் கலர் பட்டுப்புடவையை நான்தான் டயானாவுக்குக் கட்டிவிட்டேன். பதினெட்டு சேஃப்டி பின் பிடித்தது.

மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் நடுவில் காம்பவுண்டு சுவர் மாதிரி டயானா உட்கார்ந்தார். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, பேசுவது தனக்குப் புரியவேண்டும், ஆகவே ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும் என்று கண்டிப்பு. தென்காசிக்காரர்கள் இரண்டு பேர், "ஹௌ ஆர் யூ?" "ஐ ஆம் ஃபைன், ஹௌ ஆர் யூ?" என்று கேட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வந்திருந்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மிதுவை முருகேசன் மடியில் வைத்தார்கள். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டாள். சிவா தன்னை அறியாமல் டயானாவைத் தாண்டிக் கையை நீட்டி மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டார். டயானா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முருகேசன் குழந்தையை நெஞ்சோடு அணைத்து, "சாரிடா செல்லம், மாமாவ மன்னிச்சிரு, மாமாதான் தப்பு பண்ணிட்டேன்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காது குத்தியதைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மிது விசும்பலை நிறுத்திவிட்டு அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"டோன்ட் க்ரை, மாமா. யூ வேர் ஜஸ்ட் ஹெல்பிங்."

பத்து மாதம் கழித்து

முருகேசன் மறுத்தது, சிவா தானே புகார் கொடுத்தது, வீட்டில் ஒரு குண்டுகூட இல்லாதது எல்லாவற்றையும் டயானா நாற்பது பக்கத்தில் எழுதினார். அரசு வக்கீல் எங்களை இரண்டு மாதம் காக்கவைத்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார்: இருவரும் ஒன்றரை வருஷம் எந்த வம்புக்கும் போகாமல் இருந்தால் வழக்கு வாபஸ். குற்றவாளி என்ற வார்த்தை எந்தக் காகிதத்திலும் இருக்காது. சிறை இல்லை, விமானம் இல்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பேசக் கூடாது என்ற நிபந்தனையையும் நீதிபதி அன்றைக்கே எடுத்துவிட்டார்.

வெளியே காரிடாரில் கவிதா பெஞ்சில் உட்கார்ந்து, பத்து மாதமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். நான் டிஷ்யூவைக் கொடுத்துவிட்டு எனக்கும் இரண்டு எடுத்துக்கொண்டேன். இனி எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்று டயானா சொன்னார். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சிவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வார்த்தை தேடுகிறார் என்று நினைக்கிறேன். அவருக்கு அந்த வேலையே வைக்காமல் முருகேசன் பக்கத்தில் வந்து, மடங்கியிருந்த சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"ரொம்ப மெலிஞ்சிட்டீங்களே, மாப்ள."

ஊரெல்லாம் எங்களுடையதைத் துப்பாக்கி ஆபீஸ் என்கிறது; பன்னிரண்டு வருஷத்தில் நான் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தது இரண்டே முறை, மற்றபடி பார்த்ததெல்லாம் பயந்துபோன குடும்பஸ்தர்களைத்தான்.