சந்தனம் வைத்த வெட்டுப்பலகை

இதை எழுதலாமா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றவன் நான். அதோடு, காய் வெட்டும் பலகையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்ற கூச்சம் வேறு. ஆனால் அண்மையில் கோயில் மடப்பள்ளியில் ஓர் அம்மா என் கதையை என்னிடமே சொன்னார். அதில் முருகன் என் கனவில் வந்து பலகை கேட்டாராம். இனியும் பேசாமல் இருந்தால் சரிப்படாது என்று பட்டது.

நடந்தது இதுதான். முட்டி வலி தீர்ந்தால் மாசி மகத்துக்குப் பால்குடம் எடுப்பதாக என் மனைவி நேர்ந்திருந்தாள். முருகன் புண்ணியத்தில் நன்றாக நடந்தாள். விரதச் சமையலுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். பலகைதான் இல்லை. வீட்டிலிருந்த பிளாஸ்டிக் பலகையில் கோழியும் கருவாடும் ஊறிப்போயிருந்தன.

"பசார்ல புதுசு ஒன்னு வாங்கிட்டா முடிஞ்சிச்சுலா," என்றாள் மகள்.

"ஒங்கப்பா செஞ்சி தர்றேன்னு சொல்லியிருக்காரு. அதுலதான் வெட்டுவேன்."

சொன்னது உண்மைதான். பெம்பானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா மரம் காற்றில் சாய்ந்தது. அதை அறுத்த பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், "காயு பாகுஸ் நி," என்று மரத்தை மெச்சி, ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார். பச்சை மரம் வெடித்துவிடும் என்பதால் அதைக் கார் நிற்கும் இடத்து நிழலில் மாதக்கணக்கில் உலர்த்தினேன். மரம் காய்வதற்குள் என் வாய் வீடு முழுக்கப் பெருமை பேசி முடித்துவிட்டது.

விரதம் வெள்ளிக்கிழமை தொடக்கம். அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் இழைப்புளியோடு உட்கார்ந்துவிடுவேன். மரம் மஞ்சள் மஞ்சளாகச் சுருண்டு விழுந்தது. பலாவின் உள்நிறமே அப்படி. ஒரு மூலை மட்டும் அடங்கவில்லை. பலகையைக் கீழே வைத்தால் டக்கு டக்கென்று ஆடியது. உப்புத்தாளைச் சிமெண்டுத் தரையில் விரித்து, அதன்மேல் பலகையைத் தேய்த்துத் தேய்த்துத்தான் ஆட்டத்தை நிறுத்தினேன். தேங்காய் எண்ணெய் தடவியதும் தேன் நிறத்துக்கு வந்தது.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளும் சாமியைப் பார்க்காமல் புழக்கத்துக்கு வராது. ரைஸ் குக்கர்கூடப் பொட்டு வைத்துக்கொண்டுதான் சோறு பொங்கியது. வியாழன் மாலை பலகையை மஞ்சள் தண்ணீரில் துடைத்து, நட்டநடுவில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டு, முருகன் படத்துக்கு முன்னால் சாய்த்துச் சூடம் காட்டினேன்.

மறுநாள் காலை பூசணிக்காயும் கத்தியுமாக வந்த மனைவி, பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏங்க, பொட்டு வச்ச மொகத்து மேலயா கத்திய வைக்கிறது?"

"திருப்பிப் போட்டு வெட்டும்மா."

"முதுகுல குத்தச் சொல்றீங்களா?"

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரைஸ் குக்கருக்கு ஓரமாத்தானே வச்சீங்க? இதுக்கு மட்டும் ஏம்ப்பா நடு நெத்தியில?"

"சரி, துடைச்சிடறேன்," என்று துண்டை எடுத்தேன்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வச்ச பொட்ட அழிக்கிறதா? சுமங்கலி இருக்கிற வீட்டுல?"

துண்டு மறுபடி தோளுக்கே போனது. அவள் பூசணிக்காயைக் கையில் ஏந்தியே அரியப் பார்த்தாள், கத்தி வழுக்கியது. "மொத நாளே தடங்கலா இருக்கே," என்று முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. எவ்வளவு ஆசையாகத் தொடங்கிய விரதம்! அதற்குக் குறுக்கே போய் என் பலகை நிற்கிறதே, முருகா.

வெள்ளிதோறும் பூசையறையில் இருக்கும் பித்தளை வேலுக்கு அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம். சமையலை விட்டுவிட்டு அதற்குப் போனாள். சொம்புத் தண்ணீரை ஊற்றியதும், வேலில் இருந்த பழைய சந்தனம் கரைந்து தட்டில் இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அந்தப் பலகையக் கொண்டாங்க. சாமிக்கே அலங்காரத்தக் களைஞ்சிட்டுத்தான அபிஷேகம் பண்றாங்க? இதுக்கும் பண்ணிட்டாப் போச்சு."

"காய் வெட்டுற பலகைக்கு அபிஷேகமா? பாலும் ஊத்துவீங்களாம்மா?" என்றாள் மகள்.

"வாய மூடுடி. தண்ணி போதும்."

நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, "முருகா" என்று சொல்லி அவள் ஊற்றினாள். பொட்டு தானாகவே இறங்கியது; யாரும் அழிக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் கால் படாதபடி துளசிச் செடிக்கு ஊற்றினோம். பிறகும் அவள் பூசணிக்காயைத் தொடவில்லை. பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் வெட்டினாள். முதல் வெட்டு சாமிக்கு. அப்புறம்தான் பூசணி. டொக் டொக் என்று கத்தி விழும் சத்தத்தைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். பலகை ஆடவில்லை. மாசி மகத்தன்று அவள் குடத்துப் பாலும் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு வேறு யாரிடமாவது சொல்வதானால், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், இருந்தபடியே சொல்லுங்கள். கனவு வரவில்லை. பலகையில் பால் வடியவில்லை. ஊற்றியது குழாய்த் தண்ணீர். முருகன் அருளைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் நடந்தாளே, அதைச் சொல்லுங்கள். ஆடிய மூலையையும் விட்டுவிடாதீர்கள்.