வக்கீலின் மணல் பெட்டி

பிப்ரவரி 21, சனிக்கிழமை. நான்காம் மாடி, மூலை வீடு. வசிப்பவர்: மருத்துவமனை ஒன்றில் அறுவைக் கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவின் மூத்த ஊழியர், வயது நாற்பத்து மூன்று, சக ஊழியர்கள் வைத்த பெயர் ‘சுத்தம்’. உடன் வசிப்பது: வக்கீல் என்னும் ஆண் பூனை, வயது ஐந்து, உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தடியில் மட்டும் வெள்ளைப் பட்டை. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வந்து போவது: மகள், வயது பதினொன்று. அன்று காலை புகாருடன் வந்தவர்: குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அம்மாள். புகார்: நாற்றம்.

சுத்தத்தின் முகத்துக்கு நேரே நாற்றம் என்ற சொல்லை ஒருவர் உச்சரித்தது அதுவே முதல் தடவை. செயலாளர் அம்மாள் கெட்டவர் அல்லர். தமக்கும் பூனை என்றால் உயிர்தான் என்றும், ஆனால் மாடி நடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகவேண்டியிருப்பதாக இரண்டு வீட்டார் சொல்லிவிட்டார்கள் என்றும், அடுத்த கூட்டத்தில் இதைப் பேசாமல் தள்ளிப்போட முடியாது என்றும் வாசலில் நின்றபடியே தயங்கித் தயங்கிச் சொன்னார். போகும்போதுதான் மனதில் இருந்ததைக் கொட்டினார்.

“பூனையா வீடான்னு உங்களைக் கேக்குற நிலைமைக்கு எங்களைக் கொண்டு வந்துடாதீங்க சார்.”

சுத்தத்தின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே மகள் வக்கீலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் பயம் பூனையைப் பற்றியது மட்டும் அன்று. மணவாழ்க்கை இரண்டாகப் பிரிந்தபோது மகள் அம்மாவோடு போனாள். அம்மாவுக்குப் பூனை ரோமம் பட்டால் தும்மல் நிற்காது என்பதால் வக்கீல் இங்கேயே தங்கிவிட்டது. தான் இந்த வீட்டுக்கு ஏன் வருகிறாள் என்பதை மகள் ஒருமுறை விரல்விட்டுச் சொல்லியிருக்கிறாள். முதலில் வக்கீல், அடுத்தது பால்கனி, அப்புறம் அப்பா. மூன்றாம் இடமாவது கிடைத்ததே என்று அவர் அன்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் முதல் இடத்தில் இருப்பவர் போய்விட்டால் மூன்றாம் இடத்தவர் தாமாக மேலே ஏறிவிடுவார் என்று எந்த விதியும் இல்லை.

ஆகவே அவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

அவருடைய பிரிவுக்கு இரண்டு கதவுகள். பயன்படுத்திய கருவிகள் ஒன்றின் வழியே வரும், சுத்தமானவை மற்றொன்றின் வழியே போகும், போனது திரும்பாது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அவர் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: அழுக்கை நின்று பார்க்காதே. பார்த்தால் கை தயங்கும், தயங்கினால் தவறும். மூடு, முக்கு, கட்டு, அனுப்பு. இருபது ஆண்டுகளில் அந்தப் பாடம் அவருடைய கண்களுக்கே பழகிப்போயிருந்தது. கை வேலை செய்யும்போது கண் தானாக வேறு பக்கம் போய்விடும்.

பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டியில், அதுவரை பூனை வளர்க்கும் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அவரும் செய்துவந்தார்: ஈரம் பட்டு இறுகிய கட்டிகளைச் சல்லடைக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு மேலே கொஞ்சம் புது மணலைத் தூவுவது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கரண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை என்று பெட்டியையே மொத்தமாகக் கவிழ்த்தார். கையுறை, முகமூடி, திருப்பிய முகம். மணல் முழுவதும் கறுப்புப் பைக்குள் போகும். பைக்கு இரட்டை முடிச்சு விழும். பெட்டியைக் கண்ணில் நீர் வரவைக்கும் கிருமிநாசினியால் தேய்த்து, பால்கனியில் காயவைத்து, புது மணல் நிரப்புவார். குளியலறை அழுக்குப் பக்கம், பால்கனி சுத்தப் பக்கம் என்று வீட்டுக்கும் இரண்டு கதவு வைத்தாயிற்று.

மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்ட கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“எத்தனை பூனை சார் வளக்குறீங்க?”

“ஒண்ணுதாங்க.”

“பூனைதானா? இந்த மணலுக்கு ஒட்டகமே வளக்கலாமே சார்.”

நாற்றம் போயிற்று. ஆனால் வக்கீல் பெட்டியை விட்டு வெளியே வாதாடத் தொடங்கியது. முதலில் கைகழுவும் தொட்டியில் ஒரு சிறு ஈரம். பிறகு மிதியடியில். அதன்பிறகு மகளின் மடித்துவைத்த போர்வையில். ஒவ்வொன்றும் நாணய அகலம்தான் இருக்கும். இது எதிர்ப்பு என்று சுத்தம் முடிவு கட்டினார். வக்கீலய்யா மேல்முறையீடு செய்கிறார் என்று வேலை இடத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து பூனையை எதிரே உட்காரவைத்து நியாயம் கேட்டார். அது பதில் சொல்லாமல் பின்காலைத் தூக்கி வாலடியை நக்கிக்கொண்டே இருந்தது. நாள் முழுவதும் அதுவே வேலை. என்னைப் போலவே சுத்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட.

தொலைபேசியில் மகளிடமும் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“அது சும்மா அப்படிப் பண்ணாதுப்பா.”

அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். வெள்ளிக்கிழமை குளியலறையில் பெட்டியைக் கவிழ்க்கப் போனபோது, வைத்தபடியே மணல் இருப்பதுபோல் ஓரக்கண்ணுக்குப் பட்டது. வீட்டில் வேறெங்கும் ஈரமில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தார். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மார்ச் 7, சனிக்கிழமை. மகள் வந்து செருப்பைக் கழற்றினாள். வக்கீல் வாசலுக்கு வரவில்லை. குளியலறையில் பெட்டிக்குள் முதுகை வளைத்துக் குந்தியிருந்தது. வெளியே வந்தது; நாலடி நடந்தது; திரும்பப் போய்க் குந்தியது. மகள் வயிற்றடியில் கைகொடுத்துத் தூக்கினாள். பூனையிடமிருந்து அதுவரை இருவரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

“பெட்டி சுத்தமாத்தானே இருக்கு” என்றார் அவர்.

“அப்பா, கெளம்பு.”

கால்நடை மருத்துவர் வக்கீலின் வயிற்றைத் தொட்டதும் அவருடைய பேச்சின் வேகம் குறைந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை கட்டி அள்ளுவீங்க?”

சுத்தம் மகளைப் பார்த்தார். மருத்துவர் மறுபடி கேட்டார்.

“எலுமிச்சம்பழம் அளவா, கோலிக்குண்டு அளவா? எப்பலேருந்து சின்னதாச்சு?”

“நான் அள்ளுறதில்லைங்க டாக்டர். மொத்தமாக் கொட்டிடுவேன்.”

“கொட்டுறப்பப் பாப்பீங்கல்ல?”

அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த கேள்வி மகளிடமிருந்து வந்தது.

“ஒரு தடவைகூடப் பாக்கலையாப்பா?”

“பாக்காம இருக்கத்தான்மா எனக்குப் பழக்கம்.”

மருத்துவர் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் திட்டவில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை நூல் போன்றது என்றும், அதில் பொடிக்கல் சேர்ந்து அடைத்துவிட்டது என்றும், நேற்றே மொத்தமாக அடைத்திருக்க வேண்டும் என்றும் நிதானமாக விளக்கினார். அந்தக் கிருமிநாசினி வாடைக்கு எந்தப் பூனையும் பெட்டியை வெறுக்கும். ஆனால் எது முதலில் வந்தது, வெறுப்பா வியாதியா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுத்துக் குழாய் பொருத்தினார்கள்.

“அடைச்சிருந்ததை எடுத்துட்டோம். இனிமே புதுசா யூரின் ஊறுறதுதான் முக்கியம். சாயந்தரம் ஆறு மணிக்குள்ள நாப்பது மில்லியாவது குழாய்ல மாட்டின பையில வடியணும். வடிஞ்சா கிட்னி தாங்கிடுச்சுன்னு அர்த்தம். இல்லைன்னா...” மகளைப் பார்த்ததும் மருத்துவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அங்கே காத்திருக்க இடமில்லை, ஆறு மணிக்கு அழைத்துச் சொல்கிறோம் என்றார்கள். இருவரும் வீடு திரும்பினார்கள். வாங்கி வந்த சாப்பாடு பிரிக்காமலே ஆறிப்போயிற்று. சுத்தத்துக்குக் கை எதையாவது தேய்க்கத் துடித்தது. தேய்க்க ஒன்றும் இல்லை. குளியலறைக்குப் போனார். பெட்டி பளபளவென்று இருந்தது. கதவோரம் பார்த்தார். இன்னும் கீழே கொண்டு போகாத கறுப்புப் பை ஒன்று அங்கே கிடந்தது. கையுறை போடாமல் உட்கார்ந்து இரட்டை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அவரே போட்ட முடிச்சு, அவருக்கே இளகவில்லை. மகள் வந்து நகத்தால் கெல்லி அவிழ்த்தாள். செய்தித்தாளைத் தரையில் விரித்து மணலைக் கொட்டி, இருவருமாக விரலால் அளைந்தார்கள். ஏறக்குறைய எல்லாமே உலர்ந்த மணல். மிளகு அளவில் சில உருண்டைகள் மட்டும் அகப்பட்டன. அவை வெளுத்த சிவப்பு. அது எதனுடைய நிறம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இது என்னப்பா?” என்றாள் மகள். அவர் செய்தித்தாளை மடித்தார்.

அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. செயலாளர் அம்மாள் முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றார். புகார் சொன்ன இரண்டு வீட்டாருமே திருப்தி என்று சொல்லிவிட்டார்களாம். கூட்டத்தில் பேச இனி ஒன்றும் இல்லையாம்.

“பூனை தாராளமா இருக்கட்டும் சார். நீங்க இவ்வளவு மெனக்கெட்டதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்.”

அவர் தலையை ஆட்டினார். கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை. செயலாளர் அம்மாளே சாத்திவிட்டுப் போனார்.

மகளை அழைத்துப்போக அவள் அம்மா புறப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, வாசற்படியோரம் தரையில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த தடவை வருவாயா என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் தொலைபேசியை வைத்துக்கொண்டார்கள்.

அது ஒலித்தபோது மகள்தான் எடுத்து, அவருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள். மறுமுனையில் மருத்துவரின் உதவியாளர் பையின் அளவைப் படித்துச் சொன்னார்.

மார்ச் 7, மாலை ஆறு மணி. பதினேழு மில்லி.