சீசனில் ஓட ஒரு சாலை

சாரல் விழத் தொடங்கினால் ஊருக்கே சந்தோஷம். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. மற்ற மாதங்களில் நான் ஓடுகிற சாலைகளில் எல்லாம் சீசன் வந்ததும் அருவியில் குளிக்க வருகிறவர்களின் வேன்கள் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தருவிப் பாதை. மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். திரும்பும்போது இறக்கம் தானே இழுத்துக்கொண்டு வரும். சீசனில் அங்கே தலையில் எண்ணெயோடும் தோளில் துண்டோடும் ஆட்கள் சாலையை அடைத்து நடப்பார்கள். குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிவிட்டதால், ஓடுகிறவளைப் பார்த்தால் அவை பின்னாலேயே வருகின்றன. குற்றாலம் மெயின் ரோட்டில் கார்களின் ஹாரன். மிச்சம் இலஞ்சிச் சாலைதான். இரண்டு பக்கமும் வயல், எதிரே மேகம் இறங்கிய மலை.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். நடை எப்போது ஓட்டமானது என்று தெரியவில்லை. வீட்டில் இருக்கும்போது பிள்ளை தூங்கினாலும் மூச்சு வருகிறதா என்று விரலை மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். ஓடும்போது மட்டும் அந்த நினைப்பு இல்லை. நினைப்பு இல்லாமல் இருப்பது சரிதானா என்று வீட்டுக்கு வந்த பிறகு யோசிப்பேன்.

அத்தை, அதாவது என் மாமியார், ஓடக்கூடாது என்று சொன்னதில்லை. “பிள்ள முழிக்கதுக்குள்ள வந்துரு, கேட்டியா” என்பார். துப்பட்டா போட்டுக்கொண்டு போகச் சொல்வார். நானும் சுடிதாரில், துப்பட்டாவைப் பின் குத்தி, வீட்டிலிருந்து அழைத்தால் எடுக்க வேண்டுமே என்று போனை ஒரு கைப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஓடுவேன்.

இந்த சீசனில் தூத்துக்குடியிலிருந்து அத்தையின் தங்கை, எங்களுக்குச் சின்னத்தை, குடும்பத்தோடு வந்திருந்தார். கூட்டம் வருமுன் குளித்துவிட வேண்டும் என்று இருட்டோடு அருவிக்குப் போய்விட்டார்கள். அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களின் பசி எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மாவும் சட்னியும் எடுத்து வைத்துவிட்டு, பிள்ளை தூங்குவதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, வீட்டில் இருந்த அத்தையிடம் சொல்லிக்கொண்டு இலஞ்சிச் சாலைக்குப் போனேன்.

ஓட்டம் சீராக வந்துகொண்டிருந்தது. செங்கோட்டை டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போனது. பின்னாலேயே மொபெட்டில் வாழை இலைக் கட்டோடு ஓர் அண்ணாச்சி வந்தார்.

“பஸ்ஸ விட்டுட்டியாம்மா? நீ மெதுவா வா, நான் நிப்பாட்டுதேன்.”

நான் “இல்ல அண்ணாச்சி” என்று மூச்சு வாங்கச் சொல்வதற்குள் அவர் பறந்துவிட்டார். பஸ்ஸின் முன்னால் வண்டியைக் குறுக்கே விட்டு, “ஒரு பொம்பளப்பிள்ள இவ்வளவு தூரம் ஓடி வருது, கண்ணாடியில பாக்க மாட்டியாடே?” என்று டிரைவரைச் சத்தம் போட்டார். ஜன்னல் எல்லாம் தலைகள். நான் பக்கத்தில் போனேன்.

“கையில காசு இல்ல” என்றேன். எனக்குத் தோன்றிய ஒரே காரணம் அதுதான்.

கண்டக்டர் சிரித்தார். “லேடீஸுக்கு எதுக்கும்மா காசு? ஃப்ரீதான? ஏறுங்க, லேட்டாகுது.”

ஏறிவிட்டேன். எம்.எஸ்.ஸி. படித்தவள், நான் சும்மா ஓடுகிறேன் என்று சொல்லத் தெரியாமல் பஸ்ஸில் ஏறினேன். ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தும் விட்டேன். அப்போது போன் அடித்தது.

“எங்கன இருக்க?” அத்தையின் குரலுக்குப் பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

“பஸ்ல அத்தை.”

“பஸ்லயா? ஓடத்தானட்டி போன?”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் ஓடியதே இல்லை. பாதி வழியில் அதே அண்ணாச்சி எதிரே வந்து வண்டியை நிறுத்தினார். இந்தத் தடவை அவர் வாயைத் திறக்குமுன் சொன்னேன்.

“நான் உடம்புக்காக ஓடுதேன் அண்ணாச்சி.”

“அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? நான் அந்த டிரைவர என்னா ஏச்சு ஏசிட்டேன்!”

அவர் சொன்னது நியாயம். அதனாலேயே இன்னும் ஆத்திரமாக வந்தது.

வீட்டில் விருந்தாளிகள் எல்லோரும் ஈரத்தலையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை சின்னத்தையின் மடியில், முகமெல்லாம் இட்லி, சிரித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

“ஒனக்கும் அலைச்சல்தான? சீசன் முடியட்டுமே” என்றார் அத்தை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்பாகச் சொன்னார். வாய்வரை வந்த “சரி அத்தை”யை விழுங்கினேன்.

“நாளைக்கும் போவேன் அத்தை. பிள்ள அழுதா கேக்குற தூரத்துல ஓடுதேன்.”

சின்னத்தை சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை, ஒரு தட்டில் இட்லியை எடுத்து வைத்து என்னிடம் நீட்டினார்.

அப்படித்தான் இப்போது எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி ஓடுகிறேன். வயலும் இல்லை, மலையும் இல்லை. தண்ணீர்க் குழாயும் இரண்டு நாய்களும். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் ஜன்னலருகே வேகத்தைக் குறைத்துக் காது கொடுக்கிறேன். முதல் நாள் மூன்றாவது சுற்றில், கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா நிமிர்ந்து கேட்டாள்.

“ஏட்டி, எதையாச்சும் தொலச்சிட்டியா? நானும் வந்து தேடட்டுமா?”

“ஒண்ணும் தொலைக்கல. ஓடுதேன்!” என்றேன். தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டது.