நாக்குக்கு மட்டும் உபவாசம்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் எங்கள் சபையில் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். கறியை விடுகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி போன வருடம் காபியை விட்டாள். விட்ட கதையைச் சொல்லிச் சொல்லியே நாலு வீட்டில் டீ குடித்தாள். இந்தச் சில்லறைத் தியாகமெல்லாம் எனக்கு ஆகாது. இந்த வருடம் சாம்பல் புதனன்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்றேன். "ஈஸ்டர் வரைக்கும் யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை புறணி பேசமாட்டேன்" என்றேன். பெண்கள் சங்கச் செயலாளர் மட்டும் இருமினாள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். போதகர் மகிழ்ந்துபோய், "ஈஸ்டர் அன்னிக்கு எப்படி ஜெயிச்சீங்கன்னு சபை முன்னால நீங்கதாம்மா சாட்சி சொல்லணும்" என்றார்.

ஐந்து வாரம் ஓடியது. எதிர்வீட்டு மருமகள் பெட்டியோடு முசரவாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாளே திரும்பி வந்தாள். அதையும் கேட்கவில்லை. பிசாசு வேறு வழி தேடினான்.

குருத்தோலை ஞாயிறன்று அந்தச் செயலாளர் புதுப் பட்டில் வந்தாள். அரக்கு உடல், பச்சைக் கரை. ஆராதனை முடிந்ததும் வாசலில் அவளைச் சுற்றிக் கூட்டம்.

"சுத்தக் கைத்தறி. தறிக்காரரு எனக்குன்னே நெய்து குடுத்தாரு. ஒன்றரை மாசம் ஆச்சுது."

எனக்குப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சேலையை நடந்துகொண்டே படித்துவிடுவேன். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவள். உடலும் கரையும் சேரும் இடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கைத்தறி இல்லை, பவர்லூம் என்று. வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆண்டவரே, இன்னும் ஒரு வாரம்தான் என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"இன்னாக்கா, ஒண்ணும் சொல்லாம பாத்துக்கினே இருக்கீங்க?" என்று முந்தானையை என் பக்கம் நீட்டினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. ஆனால் தறியில் உட்கார்ந்தவளிடம் பட்டை நீட்டினால் கை என்ன செய்யும்? அதுபாட்டுக்குத் திருப்பிப் பார்க்கும். திருப்பியது. பின்பக்கம் வெட்டிவிட்ட நூல்கள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. எங்கள் கைத்தறிச் சேலைக்கு அந்த மீசை முளைக்காது. சட்டென்று விட்டேன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தறி வீட்டுக்காரிகள். அதற்குள் படித்து முடித்துவிட்டார்கள்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். அந்த வாரம் பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு வரவில்லை. பெரிய வெள்ளியன்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் கிளம்பினாள். தெரு முழுக்க இதே பேச்சு. நான் ஒருத்திதான் பேசவில்லை. என் நாக்கு அவ்வளவு பரிசுத்தம்.

ஈஸ்டர் வந்தது. சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஜெயித்தேன் என்றால் பொய். தோற்றேன் என்றால் எப்படி என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் அதுவே புறணி.

"கூச்சப்படாம சொல்லுங்கம்மா" என்றார் போதகர்.

"நாக்கைக் கட்டினேன் ஐயா. கையைக் கட்டல."

அவருக்குப் புரியவில்லை. பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் அவள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குத் திரும்பியது. இரண்டாம் தடவையும் நானே அவளை விரித்துக் காட்டிவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் நேராக அவளிடம் போனேன். பருத்திச் சேலை கட்டியிருந்தாள்.

"மன்னிச்சிக்கமா. அன்னிக்கி என் கை தப்பு பண்ணிட்சி."

"அன்னிக்கி கை. இன்னிக்கி?" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அது பவர்லூம்னு வாங்கும்போதே எனக்குத் தெரியும்க்கா. வருசத்துக்கு ஒரு நாள், நாலு பேரு நல்லா இருக்குதுன்னு சொல்லட்டுமேன்னு கட்டினேன். அடுத்த லெந்துக்கு நீங்க நல்லா வாயாற பேசிக்கோங்க. கையை மட்டும் வூட்ல வெச்சிட்டு வாங்க."

கைத்தறி என்று ஊரை ஏமாற்றியவள் எனக்குப் புத்தி சொல்கிறாள். பதில் சுடச்சுட நாக்கு நுனியில் இருந்தது. லெந்துதான் முடிந்துவிட்டதே, தாராளமாகச் சொல்லலாம்.

"சரிமா" என்றேன்.