காற்று இறங்கும் வரை

அந்த ஸ்கேன் தண்டு பேனாவைவிடக் கொஞ்சம் பருமன், நீளம் அதிகம், நுனி மட்டும் வளையும். கல்லீரல் அறுவைக்காக வாங்கியது. அதை நுரையீரல் தியேட்டருக்கு இரவல் கேட்டு வாங்கி வந்தவர் எங்கள் டாக்டரம்மா. "காத்து அடைச்ச பையில ஸ்கேன் வச்சா இன்னா தெரியும்?" என்று சிரிக்காதவர்கள் அந்த மாடியில் குறைவு. நான் அங்கே தியேட்டர் நர்ஸ். இன்றும் அதே வேலைதான்.

அன்று மேசைக்கு வந்தவர் காசிமேட்டில் மீன் ஏலம் கூவும் அக்கா, மணலி ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எர்ணாவூர்க்காரர். நுரையீரலில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. புற்றாக இருக்கலாம் என்பதால் எடுத்தாக வேண்டும். மேலாக இருந்தால் துளை வழியே விடும் கேமராவிலேயே தெரிந்திருக்கும். இது உள்ளே புதைந்திருந்தது. ஸ்கேனிலும் கிடைக்காவிட்டால் விலாவை விரித்து, மார்பைத் திறந்து, கையால் தடவித்தான் தேட வேண்டும். பீடி பிடிப்பீர்களா என்று ஒரு பயிற்சி டாக்டர் கேட்டதும் அக்கா கொதித்துவிட்டார். "பீடியா? இன்னா பேச்சு இது! மணலிக்குப் போயி அந்தப் பொகைய கேளு." பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கூவுனாத்தான் எனக்குப் பொழப்பு. நெஞ்சைப் பொளந்துடாதம்மா." டாக்டரம்மா தண்டையார்பேட்டையில் வளர்ந்தவர், அதே பாஷையில் பதில் சொன்னார். "ஓட்டை போட்டே தேடுறேன்க்கா. கெடைக்கலன்னா பொளந்துதான் ஆவணும். பொய் சொல்ல மாட்டேன்."

மயக்கம் கொடுத்ததும் கட்டி இருந்த பக்க நுரையீரலுக்குப் போகும் மூச்சை நிறுத்தினார்கள். அது காற்றிழந்து சுருங்கினால்தான் ஸ்கேனில் கட்டி தெரியும். சுருங்கவில்லை. அத்தனை வருடம் புகையை இழுத்த நுரையீரல், உள்ளே போனதை வெளியே விட மறுத்தது. திரை முழுக்க வெள்ளை. "திறந்துடலாம் மேடம்" என்றார் உதவி டாக்டர். என் கை விலா விரிக்கும் கருவிக்குப் போய்விட்டது.

"அத்த கீழ வைம்மா. ஆக்சிஜன் நல்லாத்தானே கீது? காத்து எறங்கட்டும். நமக்கு இன்னா அவசரம்?" என்றார் டாக்டரம்மா.

மயக்க டாக்டர் குழாய் வழியே காற்றை உறிஞ்சினார். காத்திருந்தோம். எனக்குக் கால் கடுத்தது. கோபமும் வந்தது, டாக்டரம்மா மேல் அல்ல, அந்தப் புகைமேல். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் அதுதான் படிகிறது. மெல்ல மெல்ல நுரையீரல் துவண்டது. மார்புக்குள் வெதுவெதுப்பான உப்புநீரை விட்டு, தண்டை மறுபடி வைத்து நகர்த்தினார். வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு பொட்டு.

"கீது பார். மாட்டிக்கினான்."

அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். புற்றுதான், ஆனால் ஆரம்ப நிலை. அக்கா மறுபடி ஏலத்துக்குப் போனார். கேட்கப் போன நானே காதைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டரம்மா ஓய்வு பெற்றுவிட்டார். மணலிப் புகைக்கு ஓய்வு கிடையாது. இப்போது எங்கள் தியேட்டருக்கென்றே ஒரு தண்டு இருக்கிறது. புதிதாக வரும் டாக்டர்கள் திரை வெளுத்ததும் விலா விரிக்கும் கருவிக்குக் கை நீட்டுகிறார்கள். "நம்ம ஊரு நெஞ்சு சார், கொஞ்சம் அடம்புடிக்கும். காத்து எறங்கட்டும்" என்று சொல்லி, நீட்டிய கையில் தண்டை வைக்கிறேன். முறைக்கிறார்கள்.

முறைக்கட்டும்.