பதினேழு படிகளும் ஒரு மனுவும்

திறந்த பக்கமுள்ள எந்தப் படிக்கட்டுக்கும் கைப்பிடி இருக்க வேண்டும். படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கட்டட விதி இதுதான். விதியில் எந்தக் குறையும் இல்லை. என் வீட்டுப் படிக்கட்டில்தான் கைப்பிடியும் கிடையாது, எந்த இரண்டு படிக்கும் ஒரே உயரமும் கிடையாது.

கார்த்திகை வழிபாட்டுக் குழு அன்பர்களுக்கு வணக்கம். மாதம் தவறாமல் உங்களோடு கழுகுமலைக்கு வந்தாலும், பஜனையில் பின்வரிசையிலும் பிரசாதத்தில் முன்வரிசையிலும் நிற்பவன் நான். என்னிடம் யாரும் அனுபவம் எழுதச் சொன்னதில்லை. இந்த முறை நானே கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று எத்தனை பேருக்கு எழுதி அனுப்பியிருப்பேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. முருகனுக்கு மறக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு கோவில்பட்டியின் ஓரத்தில் வீட்டு வசதிச் சங்கம் ஒன்று கட்டிய வீட்டை வாங்கினேன். கீழ் வீட்டில் அன்னலட்சுமி என்கிற அம்மா, வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவர். மேல் வீடு எனக்கு. ஏறிப் போக வெளிப்பக்கமாகப் பதினேழு படிகள். வரைபடத்தில் கைப்பிடிச் சுவர் இருந்தது. கட்டியவர் அதை வரைபடத்திலேயே விட்டுவிட்டார். வீட்டை ஒப்புக்கொண்டபோது 'குறைபாடு ஏதுமில்லை' என்ற தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாசிக்காமல் போட்டேன். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர்களை 'வாசித்துப் பார்த்துப் போடுங்கள்' என்று சொன்னவன்.

கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். இரண்டே வருடத்தில் படிக்கட்டு வீட்டை விட்டு ஒரு விரல்கடை விலகிவிட்டது. ஒன்பதாவது படி அமிழ்ந்து, பத்தாவது படி உயர்ந்து, விருந்தாளிகள் எல்லோரும் அங்கே ஒரு தடவை தடுக்கித்தான் மேலே வருவார்கள். கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன்.

"இதுல கைப்பிடிச் சுவரு வச்சா சுவரும் படியும் சேந்து சாஞ்சிரும், அண்ணாச்சி. மொத்தமா இடிச்சுத்தான் கட்டணும்" என்றார்.

இடித்துக் கட்ட வேண்டியது யார்? சங்கம். விதி அப்படி. எனவே நான் மனு எழுதினேன்.

அப்போது என் பேத்தி வள்ளி தவழ ஆரம்பித்திருந்தாள். என் மகள் கோமதி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒன்பது வருடம் காத்திருந்து, எட்டயபுரத்துக்கு அந்தப்புறம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். மருமகன் ராணுவத்தில், வடக்கே. என் மனைவி காலமாகிவிட்டாள். ஆகவே காலை ஏழரை மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வள்ளிக்குப் பொறுப்பதிகாரி நான் ஒருவன்தான்.

மனுவுக்குப் பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். இடைக்கால ஏற்பாடாக மேல்வாசலில் குறுக்கே ஒரு பலகை.

அன்னலட்சுமி கீழே இருந்தபடியே கேட்பார்: "அண்ணாச்சி, ரெண்டு கம்ப நட்டு ஒரு கயித்தக் கட்டுனா என்ன? மனு எழுதுத நேரத்துல மதிலே கட்டியிருக்கலாமே!"

"சங்கம் செய்ய வேண்டிய வேலையை நான் செய்தால், குறையே இல்லை என்று ஆகிவிடும்" என்றேன். அந்த வாதத்தில் இன்றைக்கும் ஓட்டை இல்லை. படிக்கட்டில்தான் இருந்தது.

1998 பிப்ரவரி மாதம், ஒரு முற்பகல். தபால்காரர் கீழே நின்று குரல் கொடுத்தார். மூன்றாவது நினைவூட்டின் ஒப்புகை அட்டை வந்திருந்தது. பலகையை நகர்த்திவிட்டு இறங்கினேன். அட்டையில் சங்கத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் கேட்டது.

நாலு படி உருண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் உருண்டாள். மறுபக்கம் என்றால் பத்தடிப் பள்ளம். நெற்றியில் மூன்று தையல். பதினாலு மாதக் குழந்தை. ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கி வைத்திருந்தபோது என் சட்டைப்பையில் அந்த அட்டை இருந்தது.

கோமதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து ஒரு தாளை நீட்டினாள். ராஜினாமாக் கடிதம்.

"அப்பா, இதுல ஏதும் தப்பு இருக்கா, பாத்துச் சொல்லுங்க. பங்குனி முடியட்டும், குடுத்துருதேன்."

தரைவீடு தேடி அலைந்தோம், ஒன்றும் அமையவில்லை. பிள்ளையோடு தினமும் இரண்டு பஸ் மாறவும் முடியாது. கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. நான் கற்றுக்கொடுத்த எழுத்து.

அன்று மாலை முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். நான் சாமியிடம் கேட்பதும் மனு மாதிரிதான் இருக்கும்: பொருள், பார்வை, கோரிக்கை. அன்று ஒன்றும் வரவில்லை. "முருகா, என்னால முடியல. பிள்ளையையும் காப்பாத்து, என் மக வேலையையும் காப்பாத்து" என்றேன். அவ்வளவுதான். அழுதேன். மறுநாள் விடிந்ததும் சவுக்குக் கம்பு வாங்கி வந்து நட்டுக் கயிறு கட்டினேன். ஆறு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

ஆனால் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகிற உயரம்தான் வள்ளி. படிகளின் மேடு பள்ளமும் அப்படியேதான் இருந்தது.

அடுத்து வந்த மாதக் கார்த்திகைக்கு உங்களோடு கழுகுமலைக்கு வர முடியவில்லை. மலைக்குப் போகாவிட்டால் என்ன, நம்மிடமும் படி இருக்கிறதே என்று வீட்டிலேயே படிபூஜை செய்தேன். வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் தொடங்கினேன். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், ஒரு பூ. ஒவ்வொரு படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் மனுவைத் தள்ளுபடி செய்த அதிகாரியைக் கும்பிடுவது மாதிரி இருந்தது. வள்ளியும் குனிந்து, குட்டிக் கையால் தொட்டு, கண்ணில் ஒற்றி, "தாமி" என்றாள். பதினேழு தடவை.

மறுநாளிலிருந்து அவளுக்கு அது சட்டமாகிவிட்டது. தொடாமல் ஒரு படி ஏற மாட்டாள். முன்பு தாவி ஓடிய பிள்ளை, இப்போது ஒவ்வொரு படியிலும் நின்று, தட்டி, கண்ணில் ஒற்றி, அப்புறம்தான் முழங்காலைத் தூக்கி வைத்தாள்.

ஏறுவது சரி, இறங்குவது? மேல்படியில் நின்று கீழ்ப்படியைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை. தலை முன்னால் சாய்ந்தது. நான் கவுனைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு திரும்பி, வயிற்றைப் படியில் வைத்துக் குப்புறப் படுத்து, காலைக் கீழே விட்டுத் துழாவி, தரை தட்டியதும் சறுக்கி இறங்கினாள். இப்போது படி அவள் முகத்துக்கு நேரே இருந்தது. தொட்டாள். கண்ணில் ஒற்றினாள். அடுத்த படி.

இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கே தெரியாது. படி எவ்வளவு உயரமாயிருந்தால் என்ன, தரை தட்டும்வரை அவள் கையை விடுவதில்லை. கட்டட விதியில் இல்லாத பாதுகாப்பு இது.

ஒரு மாதம் அவளுக்கு இரண்டு படி கீழே நானும் பின்பக்கமாகவே இறங்கினேன். அறுபது வயதுக்காரன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"ஏ அண்ணாச்சி, ஊரு உலகமே முன்னால பாத்துப் போவுது. நீங்க என்ன பின்னால இறங்குதீங்க?" என்று சிரித்தார் அன்னலட்சுமி.

"மேலதிகாரி உத்தரவு" என்றேன்.

பங்குனி கடைசி வாரம், ஒரு காலை. கோமதி குடையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கீழே நின்றாள். அன்று பள்ளியில் கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதம் கைப்பையில் இருந்தது. அம்மாவைக் கண்டதும் வள்ளி மேல்படிக்கு வந்துவிட்டாள். கோமதி ஓடப் பார்த்தாள். அன்னலட்சுமி பசைக் கையோடு அவள் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, சும்மா நில்லு. உன் மக இறங்குதத ஒருக்கா பாரு."

நான் அன்று அவளுக்குக் கீழே நிற்கவில்லை. மேலேயே நின்றேன். வள்ளி முதுகைக் காட்டித் திரும்பினாள். குப்புறப் படுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. உருண்டு விழுந்த நாலாவது படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பெரியவர்கள் தடுக்குகிற அந்த ஒன்பதாவது படியில் காலை நன்றாகக் கீழே விட்டு ஒரு தடவை துழாவினாள், அவ்வளவுதான். பதினேழாவது படி முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினாள். தனக்குத்தானே.

கோமதி மகளைத் தூக்கி முத்தமிட்டு அன்னலட்சுமியிடம் கொடுத்தாள். கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, "அப்பா, இத நீங்களே வச்சுக்கிடுங்க" என்று கீழ்ப்படியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நான் எத்தனையோ கடிதங்களைக் கோப்பில் சேர்த்தவன். கிழித்துப் போட்டுச் சந்தோஷப்பட்டது அந்த ஒன்றைத்தான்.

அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை, பதவி உயர்வு வந்த நாளிலும் நான் அறிந்ததில்லை. கோமதி இன்றும் அதே பள்ளியில் இருக்கிறாள். வள்ளியின் நெற்றியில் தழும்பு மெல்லிய கோடாக இருக்கிறது. கார்த்திகை அன்று விபூதி அதை மூடிவிடும். நானும் மாறியிருக்கிறேன். எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. என் கையால் முடிகிற வேலைக்கு இன்னொருவர் உத்தரவை எதிர்பார்த்து உட்காருவதும் இல்லை.

குழந்தை உள்ள வீட்டு அன்பர்களே, உங்கள் வீட்டுப் படியையும் ஒரு கார்த்திகைக்குப் பிள்ளையோடு தொட்டுக் கும்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் கயிறும் கட்டிவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். உங்களால் முடிந்ததை முடித்துவிட்டு, முடியாததை மட்டும் அவனிடம் சொல்லுங்கள். பொருள், பார்வை எதுவும் வேண்டாம். எனக்கு அவன் ஒரே மாதத்தில் பதில் தந்தான்.

சங்கமும் பதில் தந்தது. 'தங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கைப்பிடி அமைப்பது குறித்து அளவெடுக்க அலுவலர் வருவார்.' அந்த உறையைத் தபால்காரரிடம் வாங்கி, பதினேழு படியும் ஓடி ஏறி வந்து, "தாத்தா, ஒங்களுக்கு லெட்டர்" என்று என் கையில் கொடுத்தவள் வள்ளி. நான்கரை வயது. ஓரத்தில், 'தேவை எழவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டேன்: 12.7.2001.